மாதா படத்துக்குக் கீழே எரிந்த சிவப்பு விளக்கு

இந்த மலையில் ஒரு வண்டி வந்து நின்றால், அதிலிருந்து முதலில் இறங்குவது ஒரு கல். ஜீப்பானாலும் லாரியானாலும் சரி, பின்சீட்டுக்காரர் யாராவது வண்டி நிற்பதற்குள் குதித்து, காலடியில் வைத்திருந்த கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். கல் வைத்தாயிற்று என்று குரல் வந்த பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாய்க்கால் வரப்பைவிட உயரமான மேட்டைப் பார்க்காமல் வளர்ந்த எனக்கு இது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆள் பேர் பதிகிற முற்றத்தில் எஸ்டேட் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, நம்மூர்ச் சந்தையில் இறங்குகிறவனைப்போல இறங்கி நடந்தேன். கூடையும் கம்பளியுமாக நின்றிருந்த பெண்களில் ஒருத்தி சத்தம் போட்டாள்.

“யாருய்யா இது, கல்லு வைக்காம எறங்கிப் போறது? வண்டிய யாருக்கு நேந்து விட்டிருக்கீரு?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளே காலால் ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினாள். தேயிலைக் கொழுந்தெடுக்கிற மரியபுஷ்பம் அக்கா எனக்கு அறிமுகமானது அப்படித்தான். அன்று முதல் எனக்குக் கீழ்நாட்டுத் தம்பி என்று பெயர்.

நான் வெளிநாடு போகவில்லை. இருந்தாலும் புலம்பெயர்ந்தவன் என்று எழுதிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் கேரளம் முடிந்துவிடும். பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைக் கடந்து, சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூரின் கரும்பாலைப் புகையைத் தாண்டி மேலே ஏற வேண்டும். சொந்த மாநிலத்துக்குப் போய்ச்சேர இன்னொரு மாநிலத்தைத் தாண்டுகிற பயணம் இது. இங்கே வந்தால் என் ‘ஏனுங்க’வைக் கேட்டு எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் சிரிக்கின்றன. அவர்களுடைய பாட்டன்மார் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. ஆபீஸின் மலையாளமோ எங்கள் இரண்டு பேருக்குமே வேறு. இதை நம்மூரில் படிக்கிறவர்களுக்கும், என்னைப்போல மூட்டையோடு இந்த மலைக்கு ஏறி வந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பு முடித்து, மோட்டார் மெக்கானிக் தொழில் இரண்டு வருடம் படித்து, லைசென்சும் எடுத்தபோது, எஸ்டேட்டில் டிஸ்பென்சரி வண்டிக்கு டிரைவர் வேண்டும் என்று தெரிந்தவர் மூலம் தகவல் வந்தது. ஒரு வருடம் தற்காலிகம். நல்லபடியாக இருந்தால் பிறகு நிரந்தரம். லயத்து நோயாளிகளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் வேலை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன சீமைக் கார் அது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, ஒருவரைப் படுக்க வைக்கிற மாதிரி பலகை போட்டிருந்தார்கள். ஸ்டியரிங்குக்கு நேராக, நம் நாட்டுக் கார்களில் நான் பார்த்திராத ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அதற்கு மேலே, எனக்கு முன்பு இருபது வருடம் டிரைவராக இருந்த அந்தோணி அண்ணன் வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றை ஒட்டிவிட்டு, சர்வீஸ் பணத்தை வாங்கிக்கொண்டு தென்காசிப் பக்கம் போய்விட்டார். சாவியைத் திருகினால் மாதாவின் பாதத்தில் சிவப்பாக எரியும். நான் சேர்ந்த அன்றைக்கு எரிந்தது, அடுத்த நாளும் எரிந்தது, இறக்கத்திலும் ஏற்றத்திலும் எரிந்துகொண்டே இருந்தது.

ஏறுகிற பெண்கள் எல்லோரும் முதலில் அந்த விளக்கைத்தான் பார்ப்பார்கள். விரலால் படத்தைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொண்ட பிறகே உட்காருவார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து மாதா கோவிலின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது புரிந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு இரவும் பகலும் எரிகிறது. அது எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தமாம். எங்கள் பக்கம் சிவப்பு விளக்கு என்றால் ரயில்வே கேட்; வண்டி நிற்க வேண்டும். இவர்களுக்குச் சிவப்பு விளக்கு என்றால் துணைக்கு ஆள் இருக்கிறது, பயப்படாமல் போகலாம். ஒரே விளக்கின் கீழே உட்கார்ந்து, நான் பயந்துகொண்டும் அவர்கள் நிம்மதியாகவும் அந்த வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

முன்பலகைப் பெட்டிக்குள், பஞ்சுக்கும் பழைய மருந்துச் சீட்டுக்கும் அடியில், அந்தக் காரின் புத்தகம் இருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் வாசித்தேன். கை பிரேக் போட்டிருந்தால் அந்த விளக்கு எரியும். எடுத்த பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. காரணம் தெரியாமல் வண்டியை ஓட்டக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இருபது வருடமாக அந்தப் புத்தகம் அந்தோணி அண்ணனின் முழங்காலுக்கு நேராகவே இருந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு எழுத்து தெரியாது. காலால் இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்துப் பிரேக்கைப் பிடிக்க வைத்து, முதல் கியரிலேயே முழு மலையையும் இறங்கிய மனிதர் அவர். அந்தக் கால் எனக்கு இல்லை. ஆனால் எனக்குப் படிப்பு இருந்தது, படித்துத் தொலைத்துவிட்டேன். இனி அந்த விளக்கைப் பார்த்துவிட்டு எதுவும் தெரியாதவன்போல இருக்க முடியாது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்து, மிதிக்கும்போதெல்லாம் ஆயில் கசிகிறது. நல்ல பிரேக் பலகையில் மிதித்தது மாதிரி இருக்கும். இது சேற்றில் மிதித்தது மாதிரி இருந்தது. போதாததற்கு, பின் டயர் இரண்டும் மொட்டை. மழையில் வழுக்கினால் சொல்வதற்கு எந்த விளக்கும் கிடையாது. நாம் உட்கார்ந்திருக்கிற சீட்தான் முதலில் சொல்லும், வயிறு அடுத்ததாகச் சொல்லும்.

மறுநாள் ஆபீஸுக்குப் போய் ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன். ஒற்றப்பாலத்துக்காரர், நல்ல மனிதர், வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார். சீமைக் கார், வாஷர் இங்கே கிடைக்காது, கோயமுத்தூரில் தேட வேண்டும், டயரும் சேர்ந்தால் பெரிய செலவு. எல்லாவற்றையும் நான் சொல்லி முடித்ததும் அவர் மேஜையிலிருந்து அச்சடித்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“இதில ஒப்பிடு தம்பி. சாமானம் வரும்.”

ஒப்பிடு என்றால் அவர் மலையாளத்தில் கையெழுத்துப் போடு. தாளில் இங்கிலீஷில் நாலு வரி. என் பொறுப்பிலிருந்த வண்டிக்கு என்னுடைய கவனக்குறைவால் சேதம் ஏற்பட்டது, செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. இந்த எஸ்டேட்டின் வழக்கம் அது. உடைத்தவன் யாராக இருந்தாலும், உடைந்தது என்று வந்து சொன்னவன் பேரில் எழுதிக்கொள்வார்கள். அதனால்தான் யாரும் வந்து சொல்வதில்லை. கழன்ற கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டுகிறார்கள். விளக்கு எரிந்தால் அதற்கு மேலே படம் ஒட்டுகிறார்கள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் மோட்டார்க்கொட்டாய் ஞாபகம் வந்தது. என் அப்பா ஒரு பண்ணையத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், கரண்ட் குறைந்து வந்த ஒரு மத்தியானம் பண்ணையத்து மோட்டார் புகைந்து எரிந்துபோனது. மோட்டாரைப் போடச் சொன்னது பண்ணையக்காரர், போட்டது அப்பா. சாயங்காலம் காரியஸ்தர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அப்பா பெருவிரலை மையில் வைத்து அழுத்திவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தாள் திண்டின்மேல் காய்ந்துகொண்டிருந்தபோது நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘எனது அஜாக்கிரதையால்’ என்று ஆரம்பித்தது. அஜாக்கிரதை என்றால் என்ன என்று அப்பாவைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அடுத்த நாலு மாதம் கூலி வராதபோது எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த வார்த்தையின் அர்த்தத்தைப் படித்துக்கொண்டோம்.

“என்ன யோசனை? பேனா வேணோ?” என்றார் ஹெட்கிளார்க்.

“வாசிச்சுட்டேனுங்க சார்.”

“வாசிக்கச் சொல்லி ஆரு பறஞ்ஞு? ஒப்பிடத்தானே தந்தேன்?”

“கவனக்குறைவு என்னுதில்லைங்க. நான் வந்து நாப்பது நாள் ஆகுது. இது வருசக்கணக்கா ஒழுகுதுங்க.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோபமில்லை. குளத்தில் இறங்குகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. “தம்பி, நீ தற்காலிகம். ஞாபகம் உண்டல்லோ?”

“உண்டுங்க. அதுக்காக இதுல கையெழுத்துப் போட மாட்டேனுங்க. ரிப்பேர் பண்ணாம வண்டியையும் எடுக்க மாட்டேன்.”

அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், சிவப்பு விளக்கு எதற்காக எரிகிறது, புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தச் சக்கரத்தில் கசிகிறது என்று என் இங்கிலீஷில் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து நேராகத்தான் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு தாளை வாசித்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த முதல் ஆள் நான் என்று வாசற்படி இறங்கும்போது தோன்றியது. அந்த நினைப்பில் நாலு அடி வேகமாகவே நடந்தேன்.

அந்த வேகம் லயத்தில் போய் முட்டியது. மரியபுஷ்பம் அக்காவின் மகள் செல்வராணிக்கு எட்டாவது மாதம். வியாழக்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப்போக வேண்டும். காலையிலேயே இரண்டு பேரும் குளித்துத் தயாராக வண்டிப்பக்கம் வந்துவிட்டார்கள். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், ஒருத்தி கையில் சளி பிடித்த குழந்தை. வண்டி எடுக்க மாட்டேன் என்றேன்.

“ஏன், பெட்ரோல் இல்லையா?”

“பிரேக் செரியில்லீங்க அக்கா. பாருங்க, வெளக்கு எரியுது.”

“வெளக்கு எரியுதுல்லா? பொறவென்ன? மாதா இருக்காக. எறங்குற தைரியம் உமக்கு இல்லன்னு சொல்லும், அத விட்டுட்டு வெளக்கக் குத்தம் சொல்லுதீரு.”

“அந்தோணி அண்ணன் இருந்தா இந்நேரம் போய்த் திரும்பியிருப்பாரு” என்றாள் குழந்தைக்காரி.

எனக்குச் சுருக்கென்றது. பேசிப் பயனில்லை என்று, கல் இருக்கிற தைரியத்தில் கை பிரேக்கை எடுத்துவிட்டு, வண்டியில் கிடந்த டப்பியில் மிச்சமிருந்த பிரேக் ஆயிலை எடுத்து, இஞ்சின் மூடியைத் திறந்து, கொஞ்சமாக ஊற்றினேன். மாதாவின் பாதம் இருண்டது. அவ்வளவுதான்.

“வெளக்க அமத்திட்டான்!” என்று ஒருத்தி அலறினாள். குழந்தைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். இத்தனை வருடம் எரிந்த விளக்கை ஒரு கீழ்நாட்டுக்காரன், அதுவும் விபூதி பூசுகிறவன், எண்ணெய் ஊற்றி அணைத்துவிட்டான். மாதா வண்டியை விட்டு இறங்கிப் போய்விட்டாள் என்றார்கள். ஆபீஸுக்கும் நான் ஆகாதவன், லயத்துக்கும் ஆகாதவன் என்று ஆன நிமிஷம் அது. அப்போதே சாவியை வீசிவிட்டு உடுமலை பஸ்ஸைப் பிடித்திருப்பேன். ஆனால் அப்படிப் போனால், நாளை வருகிற டிரைவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோ, விளக்கைப் பிடுங்கிவிட்டோ, இந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்குவான். எனக்கு வெறியே வந்துவிட்டது.

“அக்கா, ஒரே ஒரு காரியம் செய்யுங்க. அதுக்கப்புறம் என்னைத் திட்டுங்க” என்றேன். செல்வராணியை முன்ஜன்னலுக்கு வெளியே நின்று மாதாவின் பாதத்தையே பார்க்கச் சொன்னேன். நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தேன். இடது பின்சக்கரத்தடியில் ஒரு பழைய காகிதத்தை விரித்து, அக்காவை அதன் பக்கத்தில் குந்த வைத்தேன். பிறகு சாவியைத் திருகிவிட்டு உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். ஒன்று, இரண்டு, பத்து, இருபது.

“சொட்டுதே” என்றாள் அக்கா. “ஏலா செல்வராணி, சொட்டுது டீ, காயத்துல கசியுத மாதிரி!”

நான் நிறுத்தவில்லை. முப்பது, நாற்பது. தொடை வலித்தது.

“எம்மா, எரியுது!” என்று செல்வராணி கத்தினாள். “வெளக்கு திரும்ப எரியுது!”

அக்கா காகிதத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். எழுந்து முன்பக்கம் வந்து விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அட கிறுக்குச் சிறுக்கிகளா” என்று மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினாள். “இத்தன வருசமா மாதா போகாதீங்க போகாதீங்கன்னு சொல்லியிருக்காக. நாம முத்தங் குடுத்துட்டு ஏறி உக்காந்திருக்கோம்.”

நான் தொழில்பள்ளியில் இரண்டு வருடம் படித்ததை அவள் ஒரு மூச்சில் தன் பாஷையில் சொல்லிவிட்டாள். அதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு வண்டி போகவில்லை. பஸ் ரோட்டுக்கு மூன்று மைல். செல்வராணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் அவள் பையையும் ஃபிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நாலு இடத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் என் பிடிவாதம் அந்தப் பையைவிடக் கனத்தது. சரியென்று தெரிந்ததைச் செய்துவிட்டு, அதற்கு இன்னொருத்தி மூச்சிரைப்பதைப் பார்த்துக்கொண்டு நடப்பது சுலபமல்ல. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

மறுநாள் காலை, பேர் பதிகிற நேரத்தில், இருபது பெண்கள் கூடையை இறக்காமல் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ஹெட்கிளார்க் வெற்றிலையோடு வெளியே வந்தார்.

“என்ன, சமரமா, ஸ்ட்ரைக்கா?”

“சமரமும் இல்ல ஒண்ணும் இல்ல சார். வேலைக்குத்தான் போறோம். மாதா வேண்டாம்னு சொன்ன வண்டில எங்க புள்ளைகள ஏத்த மாட்டோம், அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்” என்றாள் மரியபுஷ்பம் அக்கா. “உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா நீங்க ஏறி ஒரு நடை எறங்குங்க. நாங்க ஆளுக்கொரு கல்ல எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே வாறோம்.”

சத்தம் கேட்டு, சின்னத் துரை என்று எல்லோரும் கூப்பிடுகிற உதவி மேனேஜர் வந்தார். நம் நாட்டுப் பிள்ளைதான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இங்கிலீஷில் என்னவென்று கேட்டார். ஹெட்கிளார்க் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், என் எழுத்து இருந்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் அதைக் குப்பைக்கூடையில் போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்கு நான் அவருக்கு என்றும் நன்றியுள்ளவன். சின்னத் துரை வண்டிக்கு வந்து, உட்கார்ந்து, ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். கால் தரைவரை போனது. இறங்கியபோது அவர் முகம் மாறியிருந்தது. அன்றைக்கே கோயமுத்தூருக்கு ஆள் போனது. வாஷரும் ஆயிலும் இரண்டு டயரும் வந்தன. எஸ்டேட் செலவு, யார் சம்பளத்திலும் பிடிக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி, வாஷர் மாற்றி, குழாயிலிருந்த காற்றை எல்லாம் எடுத்து, நானே பூட்டினேன். சாவியைத் திருகி, கை பிரேக்கை எடுத்தேன். மாதாவின் பாதம் இருட்டாக இருந்தது. மிதித்தால் காலடியில் பலகை இருந்தது.

இப்போதும் பெண்கள் ஏறும்போது அந்தப் படத்தைத் தொட்டுத்தான் உட்காருகிறார்கள். ஆனால் தொடுவதற்கு முன்னால் குனிந்து கீழே பார்க்கிறார்கள். “இன்னைக்கு ஒண்ணும் சொல்லல” என்று ஒருத்தி சொன்னால், “அப்ப எடும் தம்பி” என்கிறாள் இன்னொருத்தி. செல்வராணியின் பெண் குழந்தை இந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்கு ஏறி வந்தது. எனக்கு மட்டும் வருடம் முடிந்தும் நிரந்தரம் ஆகவில்லை. என் பேருக்கு நேராக இன்னும் தற்காலிகம் என்றே இருக்கிறது. ஹெட்கிளார்க் ஒரு நாள் தனியாகச் சொன்னார், “நீ படிச்சது மதி, போதும், கேட்டோ. இனி ஒண்ணும் வாசிக்கண்டா.” நான் சிரித்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த புது நோட்டீஸை அவர் எதிரிலேயே முழுவதும் வாசித்துவிட்டு வந்தேன்.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். பொள்ளாச்சி தாண்டியதும் பூமி பாய் விரித்தது மாதிரி கிடந்தது. தென்னந்தோப்புகளுக்கு நடுவில் பஸ் பிரேக்கே போடாமல் போனது. ஒரு உறவுக்காரர் தன் டிராக்டரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். களத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். இறங்கியவன், என்னை அறியாமல் கல் தேடினேன். கண்ணில் பட்டது எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு அண்டை கொடுத்திருந்த கருங்கல். அதை எடுத்துவந்து, சமதரையில் நின்ற டிராக்டருக்குப் பின்னால் வைத்தேன். களத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஏனுங் டிரைவரே, டிராக்டரு அப்படியே உருண்டு பாலக்காட்டுக்குப் போயிருமுங்களா?”

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கல் எது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பண்ணையக்காரர் பழைய மோட்டார்க்கொட்டாயை இடித்தபோது, மோட்டார் உட்கார்ந்திருந்த திட்டிலிருந்து அப்பா எடுத்துவந்த கல் அது. ஒரு பக்கம் மோட்டார் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. இதை நான் மலைக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். மலையில் கையெழுத்துப் போட மறுத்த கதையை முந்தின நாள்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அப்பா கல்லை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

“கொண்டு போ கண்ணு. நாலு மாசக் கூலி அது. பத்தரமா வெச்சுக்க.”

சின்னாறு செக்போஸ்ட்டில் பஸ்ஸில் ஏறிய காவலர் என் பையைத் தூக்கிப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் திறந்தார். வேட்டிக்கு நடுவில் கல்.

“எந்தா இது?”

“கல்லுங்க சார்.”

“கல்லோ? மலைக்கோ? இவிடெ கல்லு இல்லே?”

பஸ்ஸே சிரித்தது. இருக்கிறது சார், ஆனால் இது என்னுடையது என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்க வைக்க எனக்கு மலையாளமும் போதாது, தமிழும் போதாது. தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது டிஸ்பென்சரி வாசல் சரிவில் வண்டி நிற்கும்போது அந்தக் கல்தான் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வந்த வாரமே யாரோ அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போட்டிருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. மழை அழித்தால் மறுநாள் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கீழ்ப்பக்கத்தில் கொழிஞ்சாம்பாறை மோட்டாரின் எண்ணெய்க் கறை, மேல்பக்கத்தில் இந்த மலையின் சிலுவை. நடுவில் வண்டியின் முழுப் பாரம். இதுவரை ஒரு அங்குலம் நகரவில்லை.